நூல் அறுகிற சத்தம்

மறுபடியும் அறுந்துவிட்டது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், நகத்தைக் கடித்துத் துப்புகிற மாதிரி, அதற்கப்புறம் ஊசி வெறுமனே துணியில் குத்திக்கொண்டு போகிறது, நூலில்லாமல், ஓட்டை ஓட்டையாக. மிதியிலிருந்து காலை எடுத்தேன். இது எட்டாவது தடவை. எட்டா, ஒன்பதா. கண் இரண்டும் காலையில் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை, வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித்தான் இமை பிரிந்தது, உள்ளே யாரோ ஒரு கை ஆற்று மணலை அள்ளிப் போட்டுவிட்டுப் போன மாதிரி உறுத்தல். யாரோ. எனக்கு எதை நினைத்தாலும் முதலில் யாரோ என்றுதான் வருகிறது. மெட்ராஸ் ஐ தானே, ஊரெல்லாம் இருக்கிறது, நாலு நாளில் போய்விடும் என்று மருந்துக் கடைக்காரர் சொட்டு மருந்து தந்தார், தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் கடையில் தொங்குகிற சீப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டே தந்தார். நாலு நாள் எனக்கு ஏது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தங்கப்பாண்டி அண்ணாச்சி வண்டியில் வந்துவிடுவார். இருபத்துநாலு நைட்டி. வெட்டின துணியாகக் கட்டிக் கொண்டுவந்து போடுவார், நான் தைத்து மடித்துக் கொடுக்க வேண்டும். பதினாலு முடிந்தது, பத்துக்குக் கழுத்தும் பக்கவாட்டும் அப்படியே கிடக்கிறது. தீபாவளி நெருக்கத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். முந்தாநாள் என் கண் லேசாகச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமலே சொன்னார், "கண்ணு முடியலன்னா சொல்லிருங்கம்மா, தப்பில்ல. பக்கத்து வீட்டுல போட்டுட்டுப் போயிருதேன்." பக்கத்து வீடு என்றால் மதினி வீடு. என் வீட்டுக்காரரின் அக்கா, சந்திரகனி. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளிடமும் மெஷின் இருக்கிறது. ஒரு தடவை கட்டு அந்த வாசலுக்குப் போனால் இந்த வாசலுக்குத் திரும்பி வராது. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கு வந்ததே அப்படித்தான். மேலத்தெருச் செண்பகவல்லி பேறுகாலத்துக்குப் போயிருக்கா, ஒரே ஒரு மாசம் பாருங்க என்று அண்ணாச்சி கொண்டுவந்து போட்டார். அவள் பிள்ளை இப்போது பால்வாடிக்குப் போகிறது.

நல்ல மெஷின் ஏன் திடீரென்று நூலை அறுக்கும். முந்தாநாள்வரை வெண்ணெய் மாதிரி ஓடினது. மெக்கானிக்கைத்தான் முதலில் நினைத்தேன். ஆயுத பூசைக்கு முந்தின நாள் எண்ணெய் போட வந்தான், அவனை நான் கூப்பிடவில்லை, மதினிதான் தன் மெஷினைப் பார்த்துவிட்டு இங்கேயும் அனுப்பினாள், "அப்படியே தம்பி வீட்டு மெஷினையும் பாத்துட்டுப் போ" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் அவன் வந்ததும் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றேன். கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு எப்போதும் வாய் வராது. அடி நூல் சுற்றுகிற பாபின் கேஸைக் கழற்றினான், வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று வாசலுக்குப் போனான், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த முதுகுக்கு முன்னால் என்ன நடந்தது. "இது ஒரு மெஷினாம்மா, பழைய இரும்புக்காரனே யோசிப்பான். சார்ட்டச் சொல்லிப் புதுசு ஒண்ணு எடுங்க" என்று சிரித்தான். பழைய இரும்பு என்றால் எதற்கு அவ்வளவு நேரம் பார்த்தான். பழசுதான் உறுதி, அந்தக் காலத்து உருப்படி இப்போது கிடைக்காது, அதை எடுத்துக்கொண்டு மட்டமான புதுசு ஒன்றைப் போட்டிருப்பான். என்னுடைய பாபின் கேஸில் ஒரு கீறல் உண்டு. அதைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோனேன், பளபளவென்று ஒரு மங்கல் தெரிந்தது, கண்ணீர் வழிந்தது. கட்டைவிரலால் தடவினேன். கீறல் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கீறல் இருந்தால் அவன் நல்லவன். அப்படியானால் யார்.

இந்தக் கண் நோவே எங்கிருந்து வந்தது. போன வெள்ளிக்கிழமை மதினி மகனுக்குக் கண் சிவந்திருந்தது, தூசி விழுந்துவிட்டது என்று சொன்னாள். தூசி விழுந்தால் ரெண்டு கண்ணிலுமா விழும். அந்தக் கையோடுதான் என் மகள் பவிக்கு முறுக்குக் கொடுத்தான். பவிக்கு வரவில்லை, எனக்கு வந்தது, அது எப்படி, பிள்ளை கையில் வாங்கினதை நான்தான் பாதி தின்றேன். இப்படி யோசித்தால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. இன்றைக்குக் காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் பேசியது கேட்டது. "ஆமாண்ணாச்சி, கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. பிள்ளையையும் வச்சிக்கிட்டு அவ என்னதான் செய்வா." இதை அவள் ஏன் அவரிடம் சொல்ல வேண்டும். என் கண் வீங்கினால் அது என் கண். இரக்கம் மாதிரித்தான் இருந்தது குரல், ஆனால் இரக்கமாகப் பேசித்தானே ஒருத்தர் கையிலிருந்து வாங்க முடியும், பிடுங்கினால் ஊர் பார்க்குமே. அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, பவி தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். கேரளாவில் பேக்கரியில் நிற்கிற என் வீட்டுக்காரரிடம் போன வாரம் இந்த மாதிரி ஒன்றை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்கு வேற வேலை இல்ல, எங்கக்காவப் பத்தி இல்லாததை எல்லாம் முடிஞ்சிக்கிட்டே இரு" என்றார். வேலை இல்லையாம். மூன்று வருசமாக நான் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பேசாதவர்கள் மேல்தான் முதல் சந்தேகம் வரும். எனக்கு அது ஏழாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. கணக்கு டீச்சரின் காம்பஸ் காணாமல் போனபோது எல்லாரும் நான் இல்லை டீச்சர், நான் இல்லை டீச்சர் என்று கத்தினார்கள், எனக்குச் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. டீச்சர் எல்லார் தலைக்கும் மேலாக என்னைப் பார்த்தார். என் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். பையில் பாதி தின்ற நெல்லிக்காய், அம்மா கிழித்துக் கொடுத்த பழைய பாவாடைத் துணி, எனக்கு அப்போதுதான் அந்த நாட்கள் ஆரம்பித்திருந்தன, பையன்களுக்கு முன்னால் அந்தத் துணி தரையில் விழுந்தது. காம்பஸ் பிறகு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நான் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா ரெண்டு நாள் திட்டினார், மூன்றாம் நாள் தையல் படிக்க அனுப்பினார். அன்றைக்கு வாய் வந்திருந்தால் இன்றைக்கு இந்த நூலோடு மல்லுக்கட்ட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் சுகமாக இருக்கிறது. மூடினால் வேலை நிற்கிறது. மணி என்ன. கடிகாரத்தில் முள் எதுவும் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு வட்டம், அவ்வளவுதான். வெயில் கதவிடுக்கிலிருந்து அம்மிக்கல்வரை வந்துவிட்டது, அப்படியானால் மூன்று இருக்கும்.

சன்னல் கம்பியில் வளையல் தட்டியது. கதவை நான் காலையிலேயே தாழ் போட்டுவிட்டேன், கண் நோவு பரவக் கூடாது என்று பவியிடம் காரணம் சொன்னேன். "ஏளா முப்பிடாதி." மதினிதான். சன்னலுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்றுகொண்டு, என் முகம் கண்ணில் படாதபடி தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்னளா, ஓடுது நிக்குது, ஓடுது நிக்குது. ரேசனுக்கு வரிசையில நிக்க மாதிரில்லா இருக்கு ஒன் மெஷினு." ஒன்றுமில்லை மதினி என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இப்படி நிக்குது. எத்தனை கெடக்கு இன்னும்?" எதற்குக் கணக்குக் கேட்கிறாள். கொஞ்சந்தான் என்றேன். "கொஞ்சந்தான்னா குடு, சன்னல் வழியா நீட்டு. நாலு உருப்படி நான் அடிச்சுத் தாரேன். எனக்கு இன்னிக்குக் கட்டு இல்ல, சும்மாதான் கெடக்கேன்." கட்டு இல்லை. அதுதானே. கட்டு இல்லாதவள் என் கட்டைத்தானே கேட்பாள், முதலில் நாலு, அப்புறம் அண்ணாச்சி வரும்போது அந்த வாசலில் மடித்து வைத்து, பாவம் அவளுக்கு முடியல அண்ணாச்சி, பாதி நான்தான் தச்சேன் என்று ஒரு வார்த்தை. "வேண்டாம் மதினி, முடிஞ்சிரும்" என்றேன். கொஞ்ச நேரம் அவள் போகாமல் நின்றாள். வளையல் கம்பியில் உரசிக்கொண்டே இருந்தது. "சரி, ஒன் இஷ்டம். வைராக்கியத்துல ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவில்லை. அவள் அங்கேயே நின்று இந்தப் பக்கம் காதை வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது, அதனால் நூலைக் கோர்த்து மிதித்தேன், நாலு விரல்கடை நன்றாக ஓடினது, சந்தோசம் வருகிற நேரத்துக்கு டிக்.

நேற்றுப் பூசைக்கு வந்தாளே. அதை ஏன் இவ்வளவு நேரம் நினைக்கவில்லை. மெஷினைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்திருந்தேன். அவள் சுண்டல் கொண்டுவந்தவள் மெஷின் தலையில் கை வைத்தாள். மாட்டைத் தடவுகிற மாதிரி தடவினாள். "பரவால்லளா, என் மெஷினு கத்துத கத்துக்கு இது சத்தமே இல்லாம ஓடுது" என்றாள். சத்தமே இல்லாமல் ஓடுது. அந்த வாய் சொன்ன மறுநாள்தான் இப்படி. கை வைத்தது வாழ்த்தவா, எதையாவது திருகிவிடவா. ஒரு திருகாணியைக் கால்சுற்றுத் திருப்பினால் போதும், இவளும் தைக்கிறவள்தானே, எதைத் திருப்பினால் நூல் அறும் என்று தெரியாதா. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். இந்தத் தடவை மெதுவாக இல்லை, நேராக, உங்க அக்காதான் என் மெஷினைக் கெடுத்தாள் என்று. போனை எடுத்துவிட்டேன். எண்ணைப் பார்த்து அமுக்கக் கண் இல்லை, ஆனால் அவர் பெயர் முதலில்தான் இருக்கும், தொட்டால் போதும். தொட்டால் அவர் அவளிடம் கேட்பார். கேட்டால் அவள் அழுவாள், அவள் அழுதால் இவருக்குத் தாங்காது, தாய் இல்லாமல் அவள்தான் இவரைத் தூக்கி வளர்த்தாள். அப்புறம் இந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். விரல் போன் மேலேயே நின்றது. இது அறுந்தால் இதற்கும் டிக் என்று சத்தம் வருமா. வைத்துவிட்டேன். முதலில் எந்தத் திருகாணி என்று கண்டுபிடிப்போம், பிடித்த பிறகு சொல்லுவோம், அப்போது யாரும் என்னை முடிஞ்சிக்கிடுதா என்று சொல்ல முடியாது.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பார்க்காமல் விரலை மட்டும் நூல் போகிற வழியில் அனுப்பினேன். நூல்கண்டிலிருந்து மேலே கொக்கி, கொக்கியில் ஒன்றும் இல்லை, வழவழப்பு. அங்கிருந்து கீழே, நூலை இறுக்கிப் பிடிக்கிற ரெண்டு வட்டத் தகடு, அம்மாவும் பிள்ளையும் கன்னத்தோடு கன்னம் வைத்த மாதிரி ஒட்டியிருக்கும், அதற்கு நடுவில்தான் நூல் போக வேண்டும். திருகாணி நான் வைத்த இடத்தில்தான் இருந்தது, அதன் வரிப்பள்ளம் நேராக மேலே பார்த்தபடி, எப்போதும் அப்படித்தான் வைப்பேன். ஆனால் தகட்டிடுக்கில் நகம் தட்டியது. சொரசொரவென்று, புண்ணில் காய்ந்த பொருக்கு மாதிரி. சுரண்டினேன், ஒரு துண்டு உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். "பவி, இங்க வா. நேத்து இதுல பொட்டு வச்சது ஆரு?" மெஷினுக்கு அடியில் துண்டுத்துணியை வைத்துப் பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "நாந்தாம்மா. நீதான எல்லா எடத்துலயும் வைக்கச் சொன்ன." நான்தான். ஞாபகம் வந்தது, தலையிலிருந்து கால்வரை ஒரு கூச்சம் இறங்கியது. சுண்டலோடு மதினி வருகிற சத்தம் கேட்டதும் அவசரமாகச் சந்தனக் கிண்ணத்தைப் பிள்ளை கையில் கொடுத்தேன், அவள் கண் படுவதற்குள் எல்லா இடத்திலும் வையி, ஒரு இடம் விடாத, பொட்டில்லாத இடத்துலதான் கண்ணு ஏறும் என்று சொன்னேன். பிள்ளை ஒரு இடம் விடவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை. தகட்டிடுக்கில் குட்டி விரலை விட்டு அப்பி வைத்திருக்கிறாள், அது ராத்திரியில் காய்ந்து சிமெண்டாகி, வருகிற நூலை எல்லாம் பல்லால் கடித்துக் கடித்துத் துப்பியிருக்கிறது.

வெந்நீரில் துணி நனைத்துக் கண்ணைத் துடைத்த மாதிரியே அந்தத் தகட்டையும் துடைத்தேன், ஒற்றி ஒற்றி, பொருக்கு கரைகிறவரை. நூலை இழுத்தால் இப்போது பட்டுப்போல் வந்தது. சிரிப்பு வந்தது, அழுகை மாதிரியும் இருந்தது, கண்ணில் முன்பே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் எது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் ஊசி. ஊசிக் காதில் கோர்க்க வேண்டும். காலையிலிருந்து எப்படியோ கோர்த்தேன், இப்போது கண் முழுதாக வீங்கிவிட்டது, ஊசி ஒன்று இரண்டாகத் தெரிகிறது, எந்த ஊசிக்குக் காது இருக்கிறது. எச்சில் தொட்டு முறுக்கினேன், தள்ளினேன், நூல் பக்கத்தில் போய் வளைந்தது. பவியைக் கோர்க்கச் சொன்னேன், நாலு வயசுக் கை, நூல் பிரிந்து வால் மாதிரி விரிந்தது. வெயில் அம்மியைத் தாண்டிவிட்டது. பத்து நைட்டி. மெஷின் நன்றாக இருக்கிறது, கண் இல்லை. தாழ்ப்பாளை நான் எப்போது போய்த் தொட்டேன் என்று தெரியவில்லை, இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. திறந்தால் வருவாள். வந்தால் கட்டைப் பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள். திறக்காவிட்டால் ஐந்து மணிக்கு அண்ணாச்சி தானாகவே அந்த வாசலுக்குப் போவார். ரெண்டும் ஒன்றுதான், ஒன்றில் என் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். "மதினி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "மதினி."

தாழை நீக்கினதும் உடனே வந்துவிட்டாள், வாசலிலேயே நின்றிருப்பாள்போல. முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தாள், கண் நோவு ஏதோ மூக்கு வழியாக ஏறுகிற மாதிரி. "அந்தச் சுவரப் பாத்து நில்லு. என்னையத் திரும்பிப் பாத்துராத, தாயே, எனக்கும் வந்துட்டுன்னா ரெண்டு வீட்லயும் சோறு பொங்க ஆளில்ல." சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் இழுபட்டது, என் ஸ்டூல். ஒரு தடவைதான், கோர்த்துவிட்டாள்போல, மிதி அசைந்தது, மெஷின் ஓடியது, அறாமல் ஓடியது. எனக்கு நேரே பூசணம் பூத்த சுண்ணாம்பு. முதுகைக் காட்டி நிற்கிறவர்களை நம்பாதவள் நான், இப்போது நானே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், அவள் என் முதுகுக்குப் பின்னால். மெஷின் நின்றது. ஏன் நின்றது. ஒன்று, ரெண்டு, மூன்று, இன்னும் ஓடவில்லை. குனிந்து பவியின் காதில், "அத்தை என்ன செய்யுதா பாரு" என்றேன். பின்னாலிருந்து சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை, கெட்ட சிரிப்பும் இல்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுட்டி ஒங்கம்மாட்ட. கழுத்துப் பட்டி மடிக்கேன், களவாங்கல." காது மடல் சுட்டது. பை தரையில் கொட்டியபோது சுட்ட அதே சூடு, ஆனால் அன்றைக்குப் பை என்னுடையது, இன்றைக்குக் கொட்டிக் காட்டச் சொல்கிறவள் நான். மெஷின் ஓடியது. மறுபடியும் நிற்கும்போதெல்லாம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று கால் சொன்னது. "காலையிலயே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்" என்றாள் மிதித்துக்கொண்டே, "நாளைக்கு வந்து எடுங்கன்னு கெஞ்சுனேன். மனுசன் எறங்கல, இன்னிக்கே வேணுமாம்." அதைத்தான் கேட்டாளா. செம்பு விழுந்த பிறகு பேசியது அதுதானா. இருக்கலாம். நான் கேட்டது பாதிதான், மீதிப் பாதியை நானே தைத்துக்கொண்டேன். ஆனாலும், இப்போது சொல்லுகிறாளே என்று உள்ளே ஒரு ஊசி இன்னும் வெறுமனே குத்திக்கொண்டுதான் இருந்தது.

தெருமுனையில் அண்ணாச்சி வண்டி திரும்புகிற சத்தம் கேட்டபோது கடைசி உருப்படியின் நூலை அவள் பல்லால் கடித்துத் துண்டித்தாள். கத்தரி பக்கத்திலேயே கிடந்தது. "நீயே எடுத்துக் குடு. நான் கை வச்சேன்னு சொல்லிக்கிடாத, ஒன் கட்டு ஒங்கிட்டயே கெடக்கட்டும்" என்று புறவாசல் வழியாகப் போய்விட்டாள். ஏன் சொல்லக் கூடாது. இதில் என்ன இருக்கிறது என்று மனசு உடனே ஆரம்பித்தது, சொல்லாமல் வைத்திருந்து என்றைக்காவது எடுத்துக் காட்டவா, இல்லை, இல்லை. பவி, மடித்த அடுக்கை எடு என்றேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கட்டை வெளியே நீட்டினேன். அண்ணாச்சி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "கண்ணு முடியாம எப்படிம்மா முடிச்சிய? கழுத்தெல்லாம் சும்மா அச்சுல வார்த்த மாதிரி இருக்கு." இத்தனை வருசத்தில் அவர் கேட்ட எதற்கும் நான் தலையை அசைத்ததைத் தவிரப் பதில் சொன்னதில்லை. "மதினி தச்சாக" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் திரும்பியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு அவளே சொல்லுவாள் என்பதால் சொன்னேனா, வேறெதற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. "கடைசி பத்தும் மதினி தச்சாக, அண்ணாச்சி." அவர் விரித்ததையெல்லாம் மடித்து வண்டியில் கட்டினார். புதுக் கட்டைத் தூக்கி ரெண்டு வீட்டுக்கும் பொதுவான படியில் பொத்தென்று வைத்துவிட்டு வண்டியை உதைத்துப் போய்விட்டார். எந்த வாசல் பக்கமாக வைத்தார் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, குனிந்து தடவிப் பார்க்கவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மெஷின் சத்தமும் இல்லை. கேட்டிருப்பாள்.